வாசலில் அடித்த தகரம்

வெல்தார்ப், லிங்கன்ஷயர்
1903 செப்டம்பர் 27

அன்புத் தங்கச்சி கெசியாவுக்கு, அண்ணன் ஜேபஸ் சொல்லச் சொல்ல மருமகள் ரோடா எழுதுவது.

ஆண்டவர் கிருபையில் முழங்கால் வலியைத் தவிர எனக்கு வேறு குறை இல்லை. எழுபத்தொரு வயதுக்கு அது வட்டி மாதிரி, கட்டித்தான் ஆகவேண்டும். உன் மூச்சிரைப்பு தேவலையா? கிரிம்ஸ்பியின் மீன் வாடைக் காற்று நெஞ்சுக்கு நல்லது என்று நீ சொல்வாய். நான் நம்பியதில்லை.

அறுவடை முடிந்தது. கடைசி வண்டி வந்த அன்று களஞ்சியத்தில் விருந்து. முதலாளி ஆட்லிங் தன் கையாலேயே மாட்டிறைச்சியை வெட்டிப் பரிமாறினார். நம் லூத்தர் பாடினான். அவன் அடிக்குரலுக்கு மேசை மேலிருந்த பீர்க்குவளைகள் அதிர்ந்தன. பாட்டு முடிந்ததும் முதலாளி எழுந்து, இனிமேல் குதிரைக்காரர்களுக்கெல்லாம் லூத்தர்தான் தலைவன் என்று சொல்லிவிட்டார். அந்த வேலையோடு பண்ணை வீடும் சேர்ந்து வருகிறது. ஆனால் பெண்சாதி இல்லாதவனுக்கு அதைக் கொடுப்பதில்லை. குதிரை பார்க்கும் பையன்களுக்கு மூன்று வேளையும் பொங்கிப் போட ஆள் வேண்டுமே. தூங்க மட்டும் அவர்கள் லாயத்து மாடிக்குப் போய்விடுவார்கள்.

எனக்கும் அடுப்புக்குப் பின்னால் ஓர் அறை கிடைத்திருக்கிறது. இல்லாவிட்டால் லௌத் ஊர் ஏழைவிடுதியில், ஊரார் தயவில் கஞ்சி குடித்துக்கொண்டிருப்பேன்.

எழுத்து கோணலாக இருக்கிறதே என்று பார்க்காதே. ரோடா கிணற்றடியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு பிசகிக்கொண்டாள். இதை எழுத வேண்டாம் மாமா என்றாள். எழுது, இல்லாவிட்டால் என் பேச்சுத்தான் கோணல் என்று கெசியா நினைப்பாள் என்றேன்.

உன் சுகத்துக்காக ஜெபிக்கும்
அண்ணன் ஜேபஸ் ஸ்டெனட்


கிரிம்ஸ்பி
1903 அக்டோபர் 11

அன்புள்ள அண்ணாவுக்கு, கெசியா எழுதுவது.

மூச்சிரைப்பு என்னோடு வாடகை கொடுக்காமல் குடியிருக்கிறது. வாடகை கொடுக்கிற மீன்பிடிக்காரர்கள் கடலிலிருந்து வந்து தூங்கிவிட்டு மறுபடி கடலுக்கே போகிறார்கள். அவர்கள் காலுறைகளைத் துவைத்துத் துவைத்து என் கை உப்புக்கண்டம் ஆகிவிட்டது.

லூத்தருக்குக் கிடைத்த உயர்வு கேட்டுச் சந்தோஷம். பெந்தெகொஸ்தே விடுமுறைக்கு வந்தபோது அந்தப் பண்ணை வீட்டை வெளியிலிருந்து பார்த்தேனே. நல்ல வீடு. கிணற்றடி கூடச் சொரசொரப்பான கல் பாவி, பிடித்துக்கொள்ளக் கம்பி போட்டு இருந்தது. அங்கே எப்படி வழுக்கினாள்?

நம் அம்மாவும் வழுக்கி விழுகிறவள்தான் அண்ணா. மாடிப்படியில் விழுவாள். பால்கொட்டகையில் விழுவாள். ஒரு தடவை சமதரையிலேயே விழுந்தாள். நீ என்னைவிட மூத்தவன். எழுதப் படிக்கத் தெரியாதவன் என்பதால் எல்லாவற்றையும் தலையிலேயே வைத்திருப்பவன். உனக்கு நன்றாக நினைவிருக்கும்.

ரோடாவின் கைக்கு ஆட்டுக்கொழுப்புத் தைலம் அனுப்பியிருக்கிறேன். தேய்த்துவிட்டுக் கம்பளித் துணி சுற்றச் சொல்.

பாசமுள்ள தங்கை
கெசியா


வெல்தார்ப்
1903 நவம்பர் 22

அன்புத் தங்கச்சிக்கு,

பதில் போட இத்தனை நாள் ஆனதற்குப் பொறுத்துக்கொள். முழங்கால் அப்படியேதான். தைலம் வந்தது, உனக்குப் புண்ணியம்.

ரோடா உன் கடிதத்தை உரக்கப் படித்தாள். கிணற்றைப் பற்றி நீ கேட்ட இடத்தோடு நிறுத்தினாள். "இங்க மை பரவியிருக்கு மாமா" என்றாள். சரி, அடுத்த பத்தியைப் படி என்றேன். அங்கே தைலம்தான் இருந்தது.

போன வாரம் பன்றி அடித்தோம். ஈரலும் சவ்வும் கொழுப்புமாகத் தட்டுத் தட்டாக வைத்து அண்டை வீடுகளுக்கெல்லாம் ரோடாவே கொண்டுபோய்க் கொடுத்தாள். கொல்லன் டாபர் வீட்டுக்கு இந்த வருஷம்தான் மருமகள் வந்திருக்கிறாள். அவள் வெளியூர்க்காரி. சுத்தம் பார்த்துத் தட்டைக் கழுவித் திருப்பித் தரப் போனாளாம். டாபரின் பெண்சாதி அலறிக்கொண்டு ஓடிவந்து, "அடியே, கழுவினா அவங்க வீட்டு இறைச்சியில உப்பு ஏறாதுடி! பொழப்பக் கெடுத்துடாத!" என்று பிடுங்கினாளாம். ரோடா இதைச் சொல்லிச் சிரித்தாள். அவள் சிரித்துக் கேட்டு நாளாயிற்று.

லூத்தருக்குக் கன்னத்தில் கீறல். வேலி வெட்டும்போது முள் கிழித்துவிட்டது. இந்த இடத்தில் மைப்பொட்டு விழுந்திருந்தால் அது ரோடா தும்மியது.

குளிரில் வெளியே போகாதே.

அண்ணன் ஜேபஸ்


கிரிம்ஸ்பி
1903 டிசம்பர் 6

அன்புள்ள அண்ணா,

உன் முழங்காலும் என் மூச்சும் நம் இருவர் வயதும் ஆண்டவர் கையில்.

இரண்டு விஷயம் மட்டும் கேட்கிறேன். ஒன்று, கிறிஸ்துமஸ் முடிந்ததும் ரோடா ஒரு மாதம் இங்கே வந்து இருக்கட்டும். மாடியில் துறைமுகத்தைப் பார்த்த அறை காலியாகத்தான் இருக்கிறது. எனக்கும் ஒத்தாசையாக இருக்கும்.

இன்னொன்று, அடுப்புக்குப் பின்னால் உள்ள அந்த அறையில் உனக்குத் தூக்கம் வருகிறதா? ஒரு சுவருக்கு அந்தப் பக்கம்தானே அவர்கள் படுக்கை.

பாசமுள்ள
கெசியா


வெல்தார்ப்
1904 ஜனவரி 17

அன்புத் தங்கச்சிக்குப் புத்தாண்டு வாழ்த்து.

இந்த வருஷம் பனி கொஞ்சம் முந்திவிட்டது. பிறகு உருகியது. உருகியதற்கு மேல் மறுபடி உறைந்தது. செவ்வாய்க்கிழமை கிழக்குக் காற்று. புதன்கிழமை மழை வரும் என்று எல்லாரும் சொன்னார்கள், வரவில்லை. வியாழக்கிழமை வந்தது. குளம் உறைந்து பையன்கள் சறுக்கி விளையாடினார்கள்.

உழவு தொடங்கும் கலப்பைத் திங்களன்று வேஷக்காரர்கள் வந்தார்கள். கரி பூசிக்கொண்டு, சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, செத்தவனை மருத்துவன் பிழைக்க வைக்கிற அதே கூத்து. லூத்தர் அவர்களுக்குக் குறைவில்லாமல் ஊற்றிக் கொடுத்தான். கொடுப்பதில் அவனைக் குறை சொல்ல முடியாது. திராட்சை ரொட்டி நன்றாக வந்திருந்தது.

நீ கேட்டதற்குப் பதில். ரோடாவை அனுப்ப முடியாது. பையன்களுக்குப் பொங்கிப் போட ஆளில்லை. முதலாளி முகம் சுளிப்பார்.

தூக்கம் நன்றாக வருகிறது.

வானம் இப்போதும் மூட்டமாகத்தான் இருக்கிறது.

அண்ணன் ஜேபஸ்

அத்தை, அறை தருவதாகச் சொன்னீர்களே, அதற்கு நன்றி. இந்த வரி மாமா சொன்னதில்லை. – ரோடா


லௌத் சந்தை
1904 பிப்ரவரி 10, புதன்

கெசியா,

இது புதுக் கையெழுத்தாயிற்றே என்று பயப்படாதே. எனக்கு உயிர் இருக்கிறது. வண்டிக்காரனோடு சந்தைக்கு வந்தேன். தேநீர்க் கடையில் ஓர் அம்மாள் மேசையில் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். எனக்கும் ஒன்று எழுதித் தருவீர்களா என்று கேட்டேன். அவர் என் பெயரைக் கேட்கவில்லை, நானும் அவர் பெயரைக் கேட்கவில்லை. ரோடா கையால் எழுதமுடியாத சங்கதி இது. ஊரில் வேறு யாரிடமும் சொல்லவும் வாய் வரவில்லை.

லூத்தர் அவளை அடிக்கிறான். நீ எப்போதோ கண்டுபிடித்துவிட்டாய். அறுவடைக்கு முன்பிருந்தே அடிக்கிறான். கத்த மாட்டான், ஒரு கெட்ட வார்த்தை பேச மாட்டான். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாடுகிற அதே குரலில் மெதுவாக ஏதோ சொல்வான். பிறகு சத்தம் கேட்கும். நான் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொள்வேன். தூக்கம் நன்றாக வருகிறது என்று அவளையே எழுத வைத்தேன் பார். அவளும் நிறுத்தாமல் எழுதினாள்.

இப்போது அதைவிடக் கேவலம் ஒன்று நடந்திருக்கிறது.

போன சனிக்கிழமை பீர்க்கடையில் உட்கார்ந்திருந்தேன். லூத்தர் முகத்தில் புதுக் கீறல், காதிலிருந்து தாடைவரை. கொல்லன் டாபர் என்னைச் சீண்டினான். "என்ன பெருசு, உன் மவன் மூஞ்சி உழுத நெலமாட்டம் இருக்கு? இதுவும் முள்ளுதானா?" என்றான். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். ஏதாவது சொல்லியாக வேண்டும். "எங்க வீட்டுல ஒரு பூனை இருக்குப்பா. ஏப்ரன் கட்டின பூனை" என்றேன். கடையே சிரித்தது. டாபர் தன் செலவில் எனக்கு இன்னொரு குவளை ஊற்றச் சொன்னான். குடித்தேன்.

நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியும். புருஷன் பெண்சாதியை அடித்தாலும் சரி, பெண்சாதி புருஷனை அடித்தாலும் சரி, ஊர் தகரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து மூன்று பொழுது வாசலில் அடித்து மானத்தை வாங்கிவிடும். திங்கட்கிழமை பொழுது சாய்கிற நேரம். நாங்கள் சாப்பாட்டு மேசையில் இருந்தோம். ஓட்டைக் கெண்டி, வாணலி, மாட்டுக்கொம்பு, ஆட்டுமணி, சிறுசு பெருசு எல்லாம் வேலிக்கு வெளியே. ஏணி மேல் இரண்டு வைக்கோல் பொம்மை. ஒன்று ஆண், அது குனிந்திருந்தது. மற்றது பெண், கையில் அடுப்புக்கம்பி, இடுப்பில் நீலக்கோடு போட்ட ஏப்ரன். ரோடாவின் ஏப்ரன் மாதிரியே.

டாபர் பாட்டெடுத்தான்.

தட்டு தட்டு தகரத்தத் தட்டு!
ஏப்ரன் கட்டுன பூனைய வெரட்டு!
புருஷன் மூஞ்சியப் பொளந்து போட்டவ
பொந்துக்குள்ள பூந்துகிட்டா, வெளிய இழு!

நான் சொன்ன சொல் கெசியா. பாட்டாகி என் வாசலுக்கே வந்துவிட்டது.

ரோடா கையில் கரண்டியோடு நின்றாள். "யார மாமா சொல்றாங்க?" என்றாள். நான் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். லூத்தர் ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்துவிட்டு, "ஒன்னத்தாண்டி. இன்னும் யார?" என்று சொல்லிச் சிரித்தான். அவள் மறுபடி என்னைப் பார்த்தாள். நான் வெண்ணெயையே பார்த்தேன்.

நேற்றும் வந்தார்கள். மூன்றாவது தடவை வெள்ளிக்கிழமை வருவார்கள், அன்றைக்குப் பொம்மையைக் கொளுத்துவார்கள். அதோடு முடிந்தது. அதற்குப் பிறகு அந்தப் பெண் தண்ணீர் எடுக்கக்கூடத் தெருவில் தலை நிமிர்ந்து போக முடியாது.

எழுதிக் கொடுக்கும் அம்மாள் பேனாவை வைத்துவிட்டார். இன்னும் ஏதாவது உண்டா என்று கேட்கிறார். அவர் குரல் மாறிவிட்டது. இல்லை என்றேன்.

ஜேபஸ்


கிரிம்ஸ்பி
1904 பிப்ரவரி 11

உறையின் மேல் அண்ணன் பெயர் இருந்தாலும் இந்தக் கடிதம் உனக்கும்தான் ரோடா. நீதான் படிப்பாய் என்று தெரிந்தே எழுதுகிறேன். அவர் எதிரில் உட்கார்ந்து உரக்கப் படி. எங்கும் நிறுத்தாதே.

அண்ணா, உன் முழங்காலை விசாரிக்க எனக்கு இன்றைக்கு மனமில்லை. வண்டியேறி லௌத் போய்ப் பெயர் தெரியாத ஒருத்தியிடம் உண்மையைச் சொன்னாய். அந்த உண்மை யாருக்கு வேண்டுமோ அவர்கள் உன் வேலிக்கு வெளியே தகரத்தோடு நிற்கிறார்கள். ஏப்ரன் கட்டின பூனை என்று பீர்க்கடையில் சொன்னவன் நீ. அதை நம்பித்தான் ஊர் ரோடா மேல் பாய்கிறது. லூத்தர் அடிப்பது உனக்குத் தெரியும் என்பதை ரோடாவுக்கும் சொல்லிவிட்டேன், ஏனென்றால் இப்போது அவளே அதைப் படித்துக்கொண்டிருக்கிறாள்.

வெள்ளிக்கிழமைக்கு இன்னும் பொழுது இருக்கிறது. அதற்குள் நீ வாய் திறக்காவிட்டால் இனி எனக்குக் கடிதம் போடாதே. வேறொருத்தி கையால் நீ நலம் என்று கேட்டு எனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை.

ரோடா, மாடி அறையில் கட்டில் போட்டாயிற்று.

கெசியா


வெல்தார்ப்
1904 பிப்ரவரி 14, ஞாயிறு

அன்புள்ள அத்தைக்கு, ரோடா எழுதுவது. இது முழுக்க என்னுடைய கடிதம்.

நலமாக இருக்கிறேன் என்று எழுதிப் பழகிவிட்டது, அதனால் அந்த வரியை இந்த முறை விட்டுவிடுகிறேன்.

உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமை காலை வந்தது. லூத்தர் வயலில் இருந்தார். உரக்கப் படித்தேன். இந்த முறை எங்கும் மை பரவவில்லை. மாமா தொப்பியை மடியில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார். முடித்ததும் மடித்து அவர் கையில் கொடுத்தேன். "எனக்கு எதுக்கும்மா, படிக்கவா தெரியும்" என்றார். "இல்ல மாமா, வச்சுக்குங்க" என்றேன். பிறகு ரொட்டிக்கு மாவு பிசையப் போய்விட்டேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

மாலையில் வந்தார்கள். பாட்டு தொடங்கியதும் மாமா எழுந்தார். கைத்தடியைக்கூட எடுக்காமல் கதவைத் திறந்துகொண்டு வேலிவரை போனார். நான் வாசற்படியில் நின்றேன். தகரச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக நின்றது.

"உள்ள போ பெருசு, குளுருது. ஒன்ன யாரும் ஒண்ணும் சொல்லல" என்றார் டாபர்.

"என்னத்தாண்டா சொல்லணும்" என்றார் மாமா. "பூனைன்னு சொன்னது நான். அது பொய். என் மவன் அவள அடிக்கிறான். அவன் கை இவ கழுத்துல இருந்தா இவ நகம் எங்கடா போவும்? நீயே சொல்லு."

பின்னாலிருந்து ஒரு கெண்டி மட்டும் தெரியாத்தனமாக டங்கென்றது. கெண்டிக்காரனை யாரோ மண்டையில் தட்டினார்கள்.

"இத அன்னைக்கே சொல்றதுக்கு என்ன?" என்றார் டாபர். "ஒனக்கு நான் பீரு வேற வாங்கிக் குடுத்தேன்."

"அடுப்புக்குப் பின்னால எனக்கு ஒரு ரூம் இருக்கு. அதுக்காகத்தான். வேற ஒண்ணுமில்ல. அந்தப் பொம்பளப் பொம்மைய எறக்குங்க. மத்தத வச்சுக்குங்க. தகரம் ஒண்ணு எனக்கும் குடுங்க."

டாபர் தன் வாணலியைக் கொடுத்தார். மாமா எங்கள் வீட்டைப் பார்த்துத் திரும்பி நின்று அதை அடித்தார். மூன்று நான்கு தடவை அடித்திருப்பார். அவரோடு சேர்ந்து யாரும் அடிக்கவில்லை. எல்லாரும் தங்கள் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் யாரோ, "காத்து மாறிடுச்சு போல" என்றார்கள். "ஆமாமா, விடியறதுக்குள்ள மழைதான்" என்றார் இன்னொருவர். அப்படியே வானிலை பேசிக்கொண்டே ஒவ்வொருவராகக் கலைந்துபோனார்கள். பொம்மை எதையும் கொளுத்தவில்லை.

லூத்தர் அன்று யாரையும் தொடவில்லை. "என்னப்பா பண்ணிட்டு வந்திருக்க?" என்று மட்டும் கேட்டார், அதே மெதுவான குரலில்.

நேற்றுக் காலை கதவைத் திறந்தால் படியில் கால் வைக்க இடமில்லை. முட்டைகள், ஒரு திராட்சை ரொட்டி, நெல்லிப்பழ ஜாம், முயல் ஒன்று, யாரோ பின்னிய கையுறை. யார் வைத்தார்கள் என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். டாபரின் பெண்சாதி வந்து வெங்காய நாற்று எப்போது நடுவது என்று கால்மணி நேரம் பேசினாள். பேசும்போதே கண்ணில் நீர் வழிந்தது. "இந்தக் காத்து கண்ணுல அடிக்குதுடி" என்று துடைத்துக்கொண்டு போய்விட்டாள். மன்னிப்பு என்ற சொல் இந்த ஊரில் யாருக்கும் வாயில் வராது போலிருக்கிறது. முயல்தான் வருகிறது.

மாமாவுக்கு நான் நன்றி சொல்லவில்லை அத்தை. சொல்ல வரவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. தேநீர்க் கோப்பையை வாங்கும்போது என் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை வண்டியில் வருகிறேன். பெட்டி ஒன்றுதான்.

ரோடா


கிரிம்ஸ்பி
1904 மார்ச் 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

தபால்நிலைய மிஸ் காக்வெல் கையால் நீ எழுதியது வந்தது. முழங்காலில் வீக்கம் என்கிறாய். உருளைக்கிழங்கைச் சீவிக் கட்டு.

ரோடா வலை பின்னப் போகிறாள். விரல் வேகமாக ஓடுகிறது என்று அங்குள்ள பெண்கள் சொல்கிறார்கள். ராத்திரியில் கதவு சாத்தும் சத்தத்துக்கு இன்னும் எழுந்து உட்காருகிறாள். மற்றபடி சாப்பிடுகிறாள்.

நீ கேட்டதை அவளிடம் சொன்னேன். ஏப்ரல் ஆறாம் தேதி பண்ணையில் ஆள் மாற்றும் நாளுக்குள் பெண்சாதி திரும்பாவிட்டால் வீட்டை வேறு குதிரைக்காரனுக்குக் கொடுத்துவிடுவேன் என்று முதலாளி ஆட்லிங் சொன்னது, லூத்தர் என்றால் வேறு பண்ணையில் லாயத்தில் படுத்துக்கொள்வான், நீ ஏழைவிடுதிக்குத்தான் போகவேண்டும் என்பது, எல்லாம் சொன்னேன். கேட்கக் கூச்சமாக இருக்கிறது என்று மூன்று இடத்தில் சொல்லியிருக்கிறாய். ஆனாலும் கேட்டுவிட்டாய். என் வீட்டுக்கு உன்னை வரச்சொல்ல நாக்கு நுனிவரை வருகிறது. ஆனால் அவள் இங்கே இருக்கும்வரை உனக்கும் இங்கே தேநீர் ஊற்று என்று அவளிடம் என்னால் சொல்ல முடியாது.

லூத்தரைப் பற்றி அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அவரு ரெண்டு கடுதாசி போட்டுட்டாரு அத்தை. நடந்தது நடந்துருச்சு, நடந்தது நடந்துருச்சுன்னே எழுதறாரு. அது என்ன, மழை மாதிரி அதுவாவா நடந்துச்சு? தான் என்ன செஞ்சாருன்னு தன் கையால ஒரே ஒரு வரி எழுதட்டும். மன்னிப்புக்கூட வேணாம். அந்த வரி வந்தா நான் போறேன். கிழவர் கஞ்சிக்கு நிக்க வேணாம்."

நான் வேண்டாம் என்றேன். என் பேச்சைக் கேட்கிறவளாகத் தெரியவில்லை.

கெசியா


வெல்தார்ப்
1904 மார்ச் 25

அன்புள்ள கெசியா அத்தைக்கும் ரோடாவுக்கும்,

அப்பா சொல்ல லூத்தர் எழுதுவது. அப்பாவின் முழங்கால் வீக்கம் வடிந்திருக்கிறது. அத்தையின் மூச்சுக்கு வெயில் காலம் வந்தால் சுகப்படும். தோட்டத்தில் பட்டாணி முளைத்துவிட்டது.

ரோடா, நீ கேட்ட வரி. நான் உன்னை அடித்தேன். ஒருமுறை அல்ல, பலமுறை. உன்மேல் எந்தத் தப்பும் இல்லை. இதை யாரும் என்னைக் கட்டாயப்படுத்தி எழுத வைக்கவில்லை.

உன் நாற்காலியும் அடுப்பும் நீ விட்டுப்போன மாதிரியே இருக்கின்றன. பையன்கள் என் சமையலைத் தின்று இளைத்துவிட்டார்கள். ஆறாம் தேதிக்கு முன் வந்துவிட்டால் எல்லாருக்கும் நல்லது, முக்கியமாக அப்பாவுக்கு.

உன் கணவன்
லூத்தர் ஸ்டெனட்


வெல்தார்ப் தபால்நிலையம்
1904 மார்ச் 26

கெசியாவுக்கு, ஜேபஸ் சொல்ல மிஸ் காக்வெல் எழுதுவது. நேற்று ஒரு கடிதம் புறப்பட்டிருக்கிறது. இது அதன் பின்னாலேயே ஓடிவருகிறது. ரோடா பெட்டி கட்டியிருந்தால் அவிழ்க்கச் சொல்.

அந்த வரியை எழுதும்போது நான் பக்கத்தில் இருந்தேன். அவனே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினான். ஒவ்வொரு சொல்லும் என் காதில் விழுந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. என் மகன் மனிதனாகிவிட்டான் என்று நினைத்தேன். என் அறை கைவிட்டுப் போகாது என்றும் நினைத்தேன். எதை முதலில் நினைத்தேன் என்று கேட்காதே.

உறையை ஒட்டிவிட்டு அவன் நாக்கைத் துடைத்துக்கொண்டான். என்னைப் பார்த்துச் சொன்னான்: "ஒரு வரிதானப்பா? எழுதிட்டாப் போச்சு. வரட்டும் மொதல்ல. கிரிம்ஸ்பிக்குப் போயி ஊரக் கூட்டினதுக்கு நிதானமாப் பேசிக்கலாம்." கத்தவில்லை கெசியா. அந்த மெதுவான குரல்.

நேற்றே வந்து இதை எழுதச் சொல்லியிருக்க வேண்டும். தபால்வண்டி போவதை ஜன்னலில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒருவேளை வாய்தவறிச் சொல்லியிருப்பான், ஒருவேளை அவள் வந்தபிறகு மாறிவிடுவான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் முழுக்க என் அறைக்கு வக்காலத்து வாங்கினேன்.

இங்கே எனக்குப் பின்னால் அஞ்சல்தலை வாங்க ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். டாபரும் நிற்கிறான். நான் பேசுவது எல்லாருக்கும் கேட்கிறது. எல்லாரும் சுவரில் ஒட்டிய தபால் கட்டண அறிவிப்பை உற்றுப் படிக்கிறார்கள். படிக்கட்டும்.

ஆறாம் தேதி டாபர் என்னை வண்டியில் லௌத் ஏழைவிடுதிக்குக் கொண்டுபோய் விடுகிறேன் என்று இப்போதுதான் சொன்னான். முதுகுக்குப் பின்னால் இருந்தே சொன்னான். அங்கே ஞாயிற்றுக்கிழமை இறைச்சி உண்டாம். நீ என்னைப் பார்க்க வரும்போது தனியாக வா.

ரோடாவிடம் சொல், வராதே. அவன் குணத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. என் குணத்துக்காகவும் சொல்கிறேன். ஒரு வெள்ளிக்கிழமை ஊர் முன்னால் வாணலி அடித்துவிட்டதால் நான் வேறு ஆளாகிவிட்டேன் என்று அவள் நம்பியிருக்கலாம். அவள் திரும்பி வந்தால், அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் மறுபடி சத்தம் கேட்டால், நான் எழுந்து போவேன் என்று என்னால் சத்தியம் செய்ய முடியவில்லை. நேற்றெல்லாம் உட்கார்ந்து செய்து பார்த்தேன். வரவில்லை.

ஜேபஸ் ஸ்டெனட்
அவர் கைப்பட இட்ட குறி: X
எழுதியவர்: எஃபி காக்வெல்